நீலத் திரையில் எண்டர் தட்டிவிட்டீர்களா? இப்போதைக்கு ரீபூட் வேண்டாம்

கேள்வி: காரைக்குடியில் அப்பத்தா தொடங்கிய பலகாரக் கடையை அண்ணனும் நானும் நடத்துகிறோம். வெளியூர் ஆர்டர்கள், பாக்கிக் கணக்கு எல்லாம் கடைக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸில் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) ஓடும் டெபியன் லினக்ஸ் மெய்நிகர் கணினியில் இருக்கின்றன. பழைய கணினி தகராறு செய்ததால் அதிலிருந்து குளோன் எடுத்து இங்கே கொண்டுவந்தோம். நேற்று டெபியன் 11ஐ 12க்கு மேம்படுத்தினேன். நடுவில் ஒரு நீலத் திரை வந்து, கிரப் (கணினியைத் துவக்கிவிடும் பூட் லோடர் நிரல்) இருந்த டிஸ்க் இப்போது காணவில்லை அல்லது அதன் அடையாளம் மாறிவிட்டது என்றது. புரியாமல் எண்டர் தட்டினேன். கடைசியில் ஓஎஸ்-புரோபர் பற்றி ஒன்றும், ரெசூம் பற்றி ஒன்றுமாக இரண்டு எச்சரிக்கைகள். இன்னும் ரீபூட் செய்யவில்லை. "எச்சரிக்கைதானே, பிழை இல்லையே, ரீபூட் செய்" என்கிறார் அண்ணன். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிறது. செய்யலாமா?

பதில்: தம்பி, செய்யாமல் வைத்திருந்தீர்களே, அதுவே பாதி வேலை. அண்ணனிடம் இன்னும் அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்கள்.

முதல் வேலை பூட் லோடர் அல்ல, கணக்கு. மெய்நிகர் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே தரவுத்தளத்தின் நகலை எடுத்து, ஒரு பென் டிரைவில் போட்டு, பென் டிரைவை மேசை இழுப்பறையில் வையுங்கள். பிறகு விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது மெய்நிகர் கணினியின் இப்போதைய நிலையின் பதிவு. ஸ்னாப்ஷாட் போதாதா என்று கேட்பீர்கள். அது அதே ஹார்ட் டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போகும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை என்றால், மெய்நிகர் கணினியை அணைக்காமல் 'சேவ் ஸ்டேட்' கொடுத்து மூடுங்கள். நினைவகத்தில் இருந்தது அப்படியே கோப்பாகப் பதிந்துவிடும். மறுபடி திறக்கும்போது பூட் லோடர் பக்கமே போகாமல் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இனி அந்த மூன்று செய்திகள். அவற்றில் இரண்டு சோதா.

ஓஎஸ்-புரோபர் என்பது அதே கணினியில் விண்டோஸோ வேறு லினக்ஸோ இருக்கிறதா என்று மற்றப் பகுதிகளைத் துழாவிப் பார்க்கும் நிரல். பாதுகாப்புக் கருதி கிரப் 2.06 முதல் அதை இயல்பாக நிறுத்திவைத்துவிட்டார்கள். உங்கள் மெய்நிகர் கணினியில் டெபியன் மட்டும்தான். துழாவ ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். ரெசூம் எச்சரிக்கை, உறக்க நிலையிலிருந்து எழ ஒரு ஸ்வாப் பகுதியை (நினைவகத்துக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) தேடி, அது கிடைக்கவில்லை என்கிறது. மெய்நிகர் கணினியை யாரும் உறங்கவைப்பதில்லை. மிஞ்சிப்போனால் துவங்கும்போது அரை நிமிடம் காத்து நிற்கும். அதுவும் பிடிக்கவில்லையென்றால் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அமைப்புக் கோப்புறையில் உள்ள ரெசூம் கோப்பில் 'நன்' என்று மாற்றி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள்.

மூன்றாவது, அந்த நீலத் திரைதான் விவகாரம். அது எச்சரிக்கைகூட இல்லை, கேள்வி. அதற்கு நீங்கள் பதில் சொல்லாமல் வந்துவிட்டீர்கள்.

உங்களுக்கு இதை விளக்குவது எளிது. நம் பக்கம் விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் இல்லையே. பெயருக்கு முன்னால் நிற்கும் குடும்ப எழுத்துகள். ஊரில் நான்கு பழனியப்பன் இருந்தாலும், விலாசத்தைச் சொன்னால் எந்த வீட்டுப் பழனியப்பன் என்று தெரிந்துவிடும். டெபியனும் டிஸ்க்குகளை அப்படித்தான் நினைவில் வைக்கிறது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற கூப்பிடு பெயர்கள் மாறக்கூடியவை என்பதால், கிரப்பை எந்த டிஸ்க்கில் எழுதினோம் என்பதை அதன் வரிசை எண்ணோடு சேர்த்துத் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் அந்த வரிசை எண் 'விபி' என்று தொடங்கி, பின்னால் எழுத்தும் எண்ணுமாக நீளும். குளோன் எடுத்தபோது உள்ளே இருந்த சரக்கு மொத்தமும் வந்தது. வரிசை எண் மட்டும் புதிதாகப் பிறந்தது. பதிவேட்டில் இருப்பது இன்னும் பழைய எண். கோப்பு முறைமையின் அடையாளம் மாறாததால் துவங்குவதில் சிக்கல் வரவில்லை, நீங்களும் கவனிக்கவில்லை. நேற்று கிரப்பைப் புதுப்பிக்க வந்தபோது ஆளைக் காணோம் என்று விசாரித்திருக்கிறது.

கண்ணால் பார்க்க வேண்டுமா? டெப்கான்ஃப்-ஷோ கட்டளையை கிரப்-பிசி என்ற பொதியின் பெயரோடு ரூட் (நிர்வாகி) உரிமையில் ஓட்டுங்கள். 'இன்ஸ்டால் டிவைசஸ்' வரியில் வருவது பதிவேட்டில் உள்ள எண். பிறகு 'டெவ்' கோப்புறைக்குள் டிஸ்க், அதற்குள் பை-ஐடி என்ற கோப்புறையைப் பட்டியலிட்டுப் பாருங்கள். அது இப்போதைய எண். இரண்டும் வேறு வேறாக இருக்கும், அல்லது முதல் வரி காலியாக இருக்கும்.

இதனால் என்ன ஆகும்? கிரப் ஒரே துண்டு அல்ல. டிஸ்க்கின் முதல் செக்டரில் ஒரு பொடித் துணுக்கு. அதற்கும் 2048ஆம் செக்டரில் தொடங்கும் முதல் பகுதிக்கும் இடையே, ஒரு எம்பிக்குச் சற்றே குறைவான வெற்றிடத்தில், அதன் கரு. மீதித் துணை நிரல்கள் 'பூட்' கோப்புறையில். கருவும் துணை நிரல்களும் ஒரே பதிப்பாக இருந்தால் சண்டை இல்லை. நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காமல் வந்திருந்தால் இரண்டுமே பழையவையாக நிற்கும். ரீபூட் செய்தால் எழவே வாய்ப்பு அதிகம். ஆனால் நிறுவல் பாதியில் தோற்றிருந்தால் துணை நிரல்கள் புதிது, கரு பழையது. அப்போது 'கிரப் ரெஸ்க்யூ' என்ற கறுப்புத் திரைதான். 2020 ஜூலை இறுதியில் கிரப்பில் இருந்த பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கான புதுப்பிப்பு வந்தபோது இப்படித்தான் பல கணினிகள் 'கிரப்_காலாக் கிடைக்கவில்லை' என்று சொல்லிப் படுத்துவிட்டன. தேவகோட்டையில் ஒரு அலுவலகத்தின் குளோனும் அதில் ஒன்று. ஊரடங்கு நேரம், நான் போக முடியாது. அங்கிருந்த பையன் திரையில் இருந்ததை எழுத்தெழுத்தாகப் போனில் வாசிக்க, மதியச் சாப்பாடு மாலைக்குப் போனது.

சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. முதலில் 'சிஸ்' கோப்புறைக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் 'இஎஃப்ஐ' என்று கோப்புறை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பயாஸ் என்ற பழைய துவக்க முறை. நீலத் திரையில் டிஸ்க் கேட்டது என்பதால் உங்களுடையது அதுதான் என்று நினைக்கிறேன். நிர்வாகி உரிமைக்காக முன்னால் சுடோ போட்டு டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளையை கிரப்-பிசியோடு ஓட்டினால் நேற்றுப் பார்த்த நீலத் திரை மறுபடி வரும். முதலில் வரும் ஒன்றிரண்டு கேள்விகளில் இருப்பதை மாற்றாமல் கடந்துவிடுங்கள். டிஸ்க் பட்டியல் வரும்போதுதான் கை நிதானிக்க வேண்டும். அம்புக் குறியால் எஸ்டிஏ வரிக்குப் போய் ஸ்பேஸ் பார் தட்டுங்கள். சதுர அடைப்புக்குள் ஒரு நட்சத்திரம் விழ வேண்டும். விழுந்ததைப் பார்த்த பிறகு டேப், அதன் பிறகே எண்டர். எண்டர் தட்டினால் தேர்வாகிவிடும் என்று நினைத்து முக்கால்வாசிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நட்சத்திரம் இல்லாமல் போனால் 'கிரப் இல்லாமலே தொடரவா' என்று அது இன்னொரு முறை கேட்கும். அதற்கு 'நோ'.

தேர்ந்தெடுக்க வேண்டியது முழு டிஸ்க்கை, அதாவது எஸ்டிஏவை. எஸ்டிஏ1 என்ற பகுதியை அல்ல. பகுதியைத் தொட்டால் 'பிளாக்லிஸ்ட் நம்பத்தகாதது' என்று ஒரு புது எச்சரிக்கை வரும், அதை நம்புங்கள். முடிவில் 'இன்ஸ்டலேஷன் ஃபினிஷ்டு, நோ எரர் ரிப்போர்ட்டட்' என்று வந்தால் ரீபூட் செய்யலாம்.

'இஎஃப்ஐ' கோப்புறை இருந்தால் பொதியின் பெயர் கிரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64. அதையும் இதே கட்டளையால் மறு அமைப்புச் செய்து, 'ரிமூவபிள் மீடியா' பாதையிலும் நிறுவவா என்ற கேள்விக்கு 'எஸ்' சொல்லுங்கள். டிஸ்க் கோப்பை மட்டும் வேறு கணினிக்குத் தூக்கிப் போனாலும் அப்போதுதான் எழும்.

இதை வாசிப்பதற்குள் அண்ணன் ரீபூட் பொத்தானை அழுத்திவிட்டாரா? பதற வேண்டாம், கணக்கு எங்கும் போகவில்லை. டெபியன் 12இன் நிறுவல் ஐஎஸ்ஓவை மெய்நிகர் கணினியின் சிடி டிரைவில் மாட்டி, அதிலிருந்து துவக்கி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ரெஸ்க்யூ மோடுக்குப் போங்கள். டெபியன் இருக்கும் ரூட் பகுதியைக் காட்டியதும் கிரப்பை மறுபடி நிறுவும் தேர்வு இருக்கும். அங்கேயும் டிஸ்க் பெயரைக் கேட்கும்; அங்கேயும் எஸ்டிஏதான்.

எழுந்து ஒரு வாரம் ஒழுங்காக ஓடினால் ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடுங்கள். வைத்திருக்க வைத்திருக்க அது பெருத்துக்கொண்டே போகும், தீபாவளி வாரத்தில் கடைக் கணினியின் டிஸ்க் நிரம்பி நிற்கும். பென் டிரைவ் மட்டும் இழுப்பறையிலேயே இருக்கட்டும்.