அப்டேட் ஆனதும் நம் செட்டிங் எங்கே போகிறது? – கேள்வி பதில்

லினக்ஸ் சர்வரில் நாம் மாற்றிவைத்த செட்டிங், அப்டேட்டுக்குப் பின் காணாமல் போவது பற்றித்தான் எல்லாக் கேள்விகளும். இந்த முறை பாலக்காட்டுச் சித்தூர் பக்கமிருந்துதான் கேள்விகள் அதிகம். நகரியிலிருந்தும் ஒன்று வந்திருக்கிறது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கொழிஞ்சாம்பாறை, பால் சொசைட்டி கணக்கு சர்வர் பார்ப்பவர்: அண்ணா, எங்கள் கணக்கு ஓடும் டாம்கேட் என்ற வெப் சர்வர் புரோகிராம் நின்றுபோனால் தானே எழுந்துகொள்ளட்டும் என்று, அதை இயக்கும் விதத்தைச் சொல்லும் சர்வீஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்தேன். அப்டேட்டுக்கு அப்புறம் அந்த வரியைக் காணோம்.

எந்த ஃபைலில் சேர்த்தீர்கள் என்பதுதான் விஷயம். யூஎஸ்ஆர்-லிப் ஃபோல்டருக்குள் இருக்கும் சர்வீஸ் ஃபைல் பேக்கேஜுக்குச் சொந்தம். டெபியன், உபுண்டு என்ற இரண்டு லினக்ஸ் வகைகளிலும் புதுப் பதிப்பு வந்தால் உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் அதை மாற்றிவிடும். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்த கதைதான். உங்கள் இடம் இடிசி, அதாவது செட்டிங் ஃபைல்களுக்கென்றே இருக்கும் ஃபோல்டர்.

‘சிஸ்டம்சிடிஎல் எடிட் டாம்கேட்10’ என்று கொடுங்கள். எடிட்டர் திறக்கும். மேலே இரண்டு குறிப்பு வரிகள் இருக்கும், அவற்றுக்கு நடுவில்தான் எழுத வேண்டும். கீழே எழுதினால் சேமிக்கும்போது சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும், பலர் ஏமாறுவது இங்கேதான். முதல் வரியில் சதுர அடைப்புக்குள் ‘சர்வீஸ்’, அடுத்த வரியில் ‘ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்’, அவ்வளவுதான். இடிசிக்குள் டாம்கேட்10.சர்வீஸ்.டி என்ற ஃபோல்டரும், அதில் ஓவர்ரைடு.கான்ஃப் என்ற சின்ன ஃபைலும் உருவாகும். பேக்கேஜ் தன் ஃபைலை எத்தனை முறை மாற்றினாலும் உங்கள் வரி அதன் மேல் ஏறி நிற்கும். சரிபார்க்க ‘சிஸ்டம்சிடிஎல் கேட்’.

‘எடிட்’டுடன் ‘ஃபுல்’ சேர்த்தால் முழு ஃபைலும் இடிசிக்கு நகலாகும். எனக்கு அது பிடிக்காது. அப்புறம் அந்த சர்வீஸ் ஃபைலில் பேக்கேஜ் செய்யும் நல்ல திருத்தம் எதுவும் உங்களுக்கு வந்து சேராது.

மீனாட்சிபுரம்: அதே முறையில், சர்வீஸைக் கிளப்பும் கட்டளை இருக்கும் எக்ஸெக்ஸ்டார்ட் வரியை மாற்றினேன். ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று சர்வீஸ் கிளம்ப மறுக்கிறதுங்க.

எக்ஸெக்ஸ்டார்ட் பட்டியல் மாதிரி சேர்ந்துகொண்டே போகும். முதலில் ‘எக்ஸெக்ஸ்டார்ட்=’ என்று வெறுமையாக ஒரு வரி, அதற்குக் கீழே உங்கள் கட்டளை. வெறும் வரி பழையதைத் துடைக்கும். ஃபைலைக் கையால் எழுதியிருந்தால் ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’ கொடுக்க மறக்காதீர்கள்.

வடகரப்பதி, பள்ளி ஆசிரியை: சார், அப்டேட் நடுவில் ‘ஒய்’யா ‘என்’னா (Y/N) என்று கேட்டு நிற்கிறது. பிள்ளைகள் எல்லாம் ஒய் அடித்துவிடுகிறார்கள்.

டீச்சர், முதலில் அந்த ஒய்யை நிறுத்துங்கள். நீங்கள் திருத்திய கான்ஃபிக் ஃபைலுக்குப் பேக்கேஜும் புதுப் பதிப்பு கொண்டுவந்தால்தான் இந்தக் கேள்வி வரும். வெறும் என்டர் தட்டினால் உங்களுடையது தங்கும், புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு பக்கத்தில் உட்காரும். ஒய் அடித்தாலும் பழையது டிபிகேஜி-ஓல்ட் என்ற பெயரில் கிடைக்கும், பிள்ளைகள் அடித்ததை அங்கே தேடுங்கள். பதில் சொல்லும் முன் டி (D) அடித்து வித்தியாசத்தைப் படிப்பதே நல்ல பழக்கம்.

ஒழலப்பதி: ராத்திரி தானாக அப்டேட் ஆகும் சர்வரில் இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

யாரும் இல்லை. தானாக அப்டேட் செய்யும் அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ் அந்தப் பேக்கேஜை மட்டும் விட்டுவிட்டுப் போகும். செட்டிங் பத்திரம், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் ஏறியிருக்காது. அதன் லாகை அவ்வப்போது பாருங்கள்.

நகரி, தறிக்கூட பில்லிங்: கிளவுட் சர்வரில் பாஸ்வேர்டு லாகின் வேண்டாம் என்று, தூரத்திலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் எஸ்எஸ்ஹெச்டி-கான்ஃபிக்.டி ஃபோல்டரில் 99 என்று தொடங்கும் ஃபைல் போட்டேன். இன்னும் பாஸ்வேர்டு கேட்கிறது.

தனி ஃபைல் போட்டது சரி, எண்தான் தப்பு. மேலே பார்த்த சர்வீஸ் ஃபைல்களை நடத்தும் சிஸ்டம்டியில் கடைசியாகப் படிப்பது ஜெயிக்கும். எஸ்எஸ்ஹெச்சில் முதலில் படிப்பது ஜெயிக்கும். அந்த ஃபோல்டரில் 50-கிளவுட்-இனிட் என்று ஒன்று பாஸ்வேர்டை அனுமதித்துக்கொண்டிருக்கும், பாருங்கள். உங்கள் ஃபைலை 10 என்று மாற்றுங்கள். ‘எஸ்எஸ்ஹெச்டி’ கட்டளைக்குப் பெரிய எழுத்து டி (T) ஆப்ஷன் கொடுத்தால் உண்மையில் எது நடப்பில் இருக்கிறதென்று காட்டும். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும்போது திறந்திருக்கும் லாகினை மூடாதீர்கள். இன்னொரு விண்டோவில் உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

வாளையார்: ராக்கி லினக்ஸிலும் இப்படித்தானா?

அது கேள்வியே கேட்காது. ஆர்பிஎம்நியூ என்ற வாலோடு ஃபைல் இருந்தால் உங்களுடையது தங்கிவிட்டது. ஆர்பிஎம்சேவ் இருந்தால் உங்களுடையதை ஓரங்கட்டிவிட்டுப் புதியது ஏறிவிட்டது. அப்டேட் முடிந்ததும் இடிசியில் இந்த இரண்டு பெயரையும் தேடுங்கள்.

கோவிந்தாபுரம்: எல்லாம் குழம்பிவிட்டது. பர்ஜ் செய்து புதிதாகப் போடலாமா?

போடலாம், ஆனால் ‘ரிமூவ்’ கான்ஃபிக்கை விட்டுவைக்கும், ‘பர்ஜ்’ அதையும் சேர்த்து அழிக்கும். சில பேக்கேஜ்கள் மொத்த ஃபோல்டரையும் துடைத்துவிடும், நீங்கள் தனியாக வைத்த ஃபைலும் அதோடு போகும். அதனால் முதலில் இடிசியை டார் போட்டு, அதாவது ஒரே ஃபைலாகக் கட்டி, வேறு மெஷினுக்கு நகல் எடுங்கள். புதிதாகப் போட்ட கையோடு இடிசிகீப்பரையும் நிறுவிவிடுங்கள். பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் கட்டளையின் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் (Git) என்ற கருவியில் இடிசியைப் பதிந்துவைக்கும். அடுத்த முறை எந்த வரி எப்போது மாறியது என்று லாகிலேயே பார்த்துக்கொள்ளலாம்.