தனியாகப் போய்ப் பெரிய சீன உணவகத்தில் சாப்பிடலாமா?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். அடுத்த மாதம் வேலை விஷயமாக ஹாங்காங் போகிறேன், தனியாகத்தான். ஒரு வேளையாவது அங்கே நட்சத்திர ஓட்டலில் இருக்கும் நல்ல கான்டனீஸ் உணவகத்தில் சாப்பிட ஆசை. எல்லாமே நாலைந்து பேருக்கான அளவில் வரும், தனி ஆளுக்கு மேசை கிடைக்காது, பில்லும் எகிறிவிடும் என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். போகலாமா? மீன், இறால், கோழி சாப்பிடுவேன். பன்றி, மாடு வேண்டாம். (வாசகி, திருப்பூர்)

பதில்: தாராளமாகப் போங்கள். உலகப் புகழ்பெற்ற உணவக வழிகாட்டி நூலான மிஷெலினில், சீனச் சமையலுக்கு மிக உயர்ந்த தரமான மூன்று நட்சத்திரம் முதன்முதலில் வாங்கிய உணவகமே ஹாங்காங்கில்தான் இருக்கிறது: ஃபோர் சீசன்ஸ் ஓட்டலின் லுங் கிங் ஹீன், 2009 பதிப்பில். அப்படிப்பட்ட ஊருக்குப் போய், துணைக்கு ஆள் இல்லை என்பதற்காக அறையில் கப் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். வேலைக்கு வந்து தனியாகச் சாப்பிடுபவர்கள் அந்த ஓட்டல்களுக்குப் புதிதில்லை.

ஆனால் இரவில் போகாமல் மதியம் போங்கள். என் ஆலோசனையில் முக்கியமானது இதுதான். டிம் சம் என்கிற, பூரணம் வைத்த சின்னச் சின்னப் பலகாரங்கள் பெரும்பாலும் மதியத்தில்தான் கிடைக்கும். சின்ன மூங்கில் கூடையில் மூன்று, நான்கு உருண்டைகள். தனி ஆளுக்கு மூன்று கூடை வாங்கினால் மூன்று ருசி பார்த்தாயிற்று. பல இடங்களில் மதியத்துக்கு ஒரு நபர் செட் மெனுவும் உண்டு. இரவு செட் மெனுக்களில் ‘குறைந்தது இரண்டு பேர்’ என்று அடியில் சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசை விஷயம். சில உணவகங்களின் இணைய முன்பதிவு இரண்டு பேரிலிருந்துதான் தொடங்கும். அதைப் பார்த்து இடமில்லை என்று விட்டுவிடாதீர்கள். நேரடியாகப் போன் செய்யுங்கள், அல்லது நீங்கள் தங்கும் ஓட்டலின் வரவேற்பில் சொல்லிப் பேசச் சொல்லுங்கள். கடை திறக்கிற நேரத்துக்கே வருகிறேன் என்றால் இடம் கிடைப்பது சுலபம். முன்பதிவுக்குக் கார்டு எண் கேட்டால், எவ்வளவு நேரம் முன்பு ரத்து செய்தால் பணம் பிடிக்க மாட்டார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். உங்கள் மீட்டிங் எப்போது இழுக்கும் என்று யாருக்குத் தெரியும்!

இரவில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் மெனுவில் ‘ஒரு நபருக்கு’ என்று விலை போட்ட வரிகளைத் தேடுங்கள். பெரிய உணவகங்களில் இவை கணிசமாக இருக்கும். மூடிய கிண்ணத்தில் வரும் சூப், நண்டு ஓட்டுக்குள் நண்டுச் சதையை அடைத்துச் சுட்டது, துண்டாக வெட்டி ஆவியில் வேகவைத்த களவா மீன் எல்லாம் அப்படித்தான் வரும். இரண்டு அயிட்டம், ஒரு கீரை, கொஞ்சம் சாதம் போதும். மற்ற அயிட்டங்களில் பாதி அளவு கிடைக்குமா என்று கேளுங்கள், சில இடங்களில் தருவார்கள். முழு பீக்கிங் வாத்து தனி ஆளுக்கு வேண்டாம். அதற்குப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லவும் வேண்டும்.

பில் எகிறுவது எங்கே என்றால், முதலில் தொட்டியில் உயிரோடு வைத்திருக்கும் மீனில். விலையை ‘டேல்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு டேல் சுமார் 38 கிராம். 16 டேல் ஒரு கேட்டி, அதாவது ஏறக்குறைய 600 கிராம். 60 டாலர் என்று காதில் விழுந்ததும் மீனின் விலையே அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் அது ஒரு டேலின் விலை. ஒரு கேட்டி மீனுக்கு 960 ஹாங்காங் டாலர், நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். மெனுவில் ‘அன்றைய விலை’ என்று மட்டும் போட்டிருந்தால், “மொத்தம் எவ்வளவு வரும்?” என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அந்த ஊர்க்காரர்களும் கேட்டுத்தான் வாங்குவார்கள்.

அடுத்தது, கேட்காமலே மேசைக்கு வருபவை. உட்கார்ந்ததும் சர்க்கரை தடவிய வாதுமைக் கொட்டையோ ஊறுகாய்த் துண்டோ ஒரு சின்னத் தட்டில் வைப்பார்கள். அது பில்லில் ஏறலாம். வேண்டாம் என்றால் கைவைக்காமல் உடனே திருப்பிக் கொடுங்கள். தேநீருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், அது வழக்கம். தேநீர்க் கெண்டியின் மூடியைச் சற்று விலக்கி வைத்தால் வெந்நீர் ஊற்றித் தருவார்கள். பாட்டில் தண்ணீர், எக்ஸ்ஓ சாஸ் (உலர்ந்த கடல் உணவும் மிளகாயும் சேர்ந்த காரச் சாஸ்) இரண்டுக்கும் தனிக் காசு இருக்கலாம். கடைசியில் 10 சதவீத சேவைக் கட்டணம். ஹாங்காங்கில் விற்பனை வரி கிடையாது. சேவைக் கட்டணம் போட்ட பிறகு தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.

பன்றிக்கறி விஷயத்தில் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெயரில் இறால் இருந்தால் மட்டும் போதாது. இறால் டிம் சம் பூரணத்திலேயே பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு. சியூ மாய் என்பது பன்றியும் இறாலும் கலந்தது. முள்ளங்கிக் கேக்கில் பெரும்பாலும் உலர்ந்த பன்றி சாசேஜ் இருக்கும். சூப்பைப் பெரும்பாலும் பன்றி எலும்பு போட்டுக் கொதிக்க வைப்பார்கள், எக்ஸ்ஓ சாஸிலும் பன்றித் தொடை இறைச்சி சேரும். முன்பதிவு செய்யும்போதே, பன்றிக்கறி, கொழுப்பு, எலும்பு சூப் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு மறுபடி ஒருமுறை சொல்லுங்கள்.

பணம் கட்டும்போது மெஷினில் ரூபாயா, ஹாங்காங் டாலரா என்று கேட்டால் டாலரை அழுத்துங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தில், பணத்தை மாற்றித் தரும் நிறுவனத்தின் லாபமும் சேர்ந்துவிடும். நம் ஊர் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி உண்டு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு சீன உணவகத்தில் மெனு விலையைக் கூட்டி 60 டாலர்தான் வந்தது. பில் 71.94 டாலர் என்று போட்டு, கேட்காத வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் தனியாகச் சேர்த்துவிட்டார்கள். இது சரியா? (வாசகர், மதுரை)

பதில்: 71.94 சரியான கணக்குதான். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்திருக்கும். 60 டாலரோடு 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்ந்து 66. அதன்மேல் 9 சதவீத ஜிஎஸ்டி. இந்த 9 சதவீதம் 2024 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. அங்கே மற்ற கடைகள் வரி சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும், ஆனால் சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. வேர்க்கடலையையும் துண்டையும் தொடாமல் விட்டிருந்தால், பணம் கட்டும் முன் காட்டி நீக்கச் சொல்லலாம், பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். பிரித்துப் பயன்படுத்திவிட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.