பணியாளர்களிடம் தனியுரிமை, தகவல் பாதுகாப்பு பற்றிய விழிப்புணர்வை வளர்ப்பது எப்படி?

உங்கள் கேள்வியின் சாரம் இதுதான்: ஆண்டுக்கு ஒரு முறை தகவல் பாதுகாப்புப் பயிற்சி நடக்கிறது, எல்லோரும் காணொளியைப் பார்த்து இறுதித் தேர்விலும் தேறிவிடுகிறார்கள், ஆனாலும் வாடிக்கையாளர் விவரங்களைத் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்புவதும் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வதும் நின்றபாடில்லை, என்ன செய்யலாம், பயிற்சியை எவ்வளவு அடிக்கடி நடத்தலாம்? இத்தகைய பயிற்சிகளைத் தயாரித்து நடத்துவது என் வேலை என்பதால், நடைமுறையில் எது பலன் தரக் கண்டேனோ அதை எழுதுகிறேன்.

பயிற்சியில் கை வைப்பதற்கு முன்பே சரிசெய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு பணியாளர் போலி மின்னஞ்சலில் இருந்த இணைப்பைச் சொடுக்கிவிட்டாலோ, கோப்பைத் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டாலோ, உடனே யாரை அழைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அழைத்தால் தனக்குக் கெடுதல் வராது என்ற நம்பிக்கையும் இருக்க வேண்டும். அவர் சில நிமிடங்களுக்குள் சொல்லிவிட்டால், கடவுச்சொல்லை மாற்றலாம், திறந்திருக்கும் உள்நுழைவுகளையெல்லாம் துண்டிக்கலாம், அதே மின்னஞ்சல் வந்திருக்கும் மற்றவர்களின் பெட்டியிலிருந்து அதை நீக்கிவிடலாம். பயந்துபோய் மின்னஞ்சலை அழித்துவிட்டு வாய்மூடி இருந்துவிட்டால், ஊடுருவியவருக்கு நாட்கணக்கில் அவகாசம் கிடைத்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, தனிநபர் தரவு கசிந்தது தெரியவந்தால், தனிநபர்களுக்கு ஆபத்து நேர வாய்ப்பில்லாத நிலை தவிர, 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வை அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். கீழ்மட்டத்தில் ஒருவர் சொல்லத் தயங்கினால், கசிவு நிகழ்ந்ததே நிர்வாகத்துக்குத் தாமதமாகத்தான் தெரியவரும். பாதிக்கப்பட்ட வாடிக்கையாளருக்கோ அந்தத் தாமதம் முழுவதும் நட்டம்தான்.

இதனால்தான், தவறிழைத்தவரின் பெயரைக் கூட்டத்தில் சொல்வது, பணியாளர்களின் விழிப்பை அறிய நிறுவனமே போலி மின்னஞ்சல் அனுப்பி நடத்தும் சோதனையில் சிக்கியவர்களைப் பட்டியலிடுவது போன்றவற்றை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 2020 டிசம்பரில், இணைய முகவரிகளைப் பதிவுசெய்து தரும் கோடாடி நிறுவனம் தன் பணியாளர்களுக்கு 650 டாலர் விடுமுறைக்கால போனஸ் தருவதாக ஒரு சோதனை மின்னஞ்சல் அனுப்பியது. விவரங்களை நிரப்பியவர்களுக்கு, சோதனையில் தோற்றுவிட்டீர்கள் என்ற தகவல்தான் பின்னர் வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில், பலரும் பணத்துக்குத் தவித்த நேரத்தில் நடந்த இந்தச் சோதனை கடும் கண்டனத்துக்கு உள்ளாகி, நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. சோதனை நடத்தலாம், ஆனால் அது கற்றுக்கொடுப்பதற்காக இருக்க வேண்டும். சிக்கியவருக்கு அந்த இடத்திலேயே, எந்த அடையாளத்தைக் கவனித்திருக்கலாம் என்று இரண்டு வரியில் விளக்கிவிட்டு, அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிட வேண்டும்.

அடுத்தது பயிற்சியின் உள்ளடக்கம். எல்லோருக்கும் ஒரே காணொளி என்பது யாருக்குமே பொருந்தாத காணொளி. மனிதவளத் துறையிலும் கணக்குப் பிரிவிலும் நான் வழக்கமாகச் செய்து காட்டும் ஒன்றைச் சொல்கிறேன். துறைவாரியாக மொத்தச் சம்பளத்தை மட்டும் காட்டும் ஒரு எக்செல் கோப்பைத் திரையில் திறக்கிறேன். பிவட் டேபிளாக அமைந்த சுருக்க அட்டவணை அது. பெயர்கள் இருந்த மூலத்தாளை முன்பே நீக்கியிருப்பேன். கற்பனைப் பெயர்களும் கற்பனைத் தொகைகளும் கொண்ட கோப்புதான் என்பதையும் சொல்லிவிடுவேன். பிறகு ஒரு மொத்தத் தொகையின் மீது இருமுறை சொடுக்கினால், புதிய தாள் ஒன்று விரிந்து, அந்தத் தொகைக்குள் அடங்கிய ஒவ்வொருவரின் பெயரும் சம்பளமும் வரிவரியாக வந்து நிற்கும். அட்டவணை தன் மூலத்தரவின் நகலைக் கோப்புக்குள்ளேயே வைத்திருப்பதுதான் காரணம். அந்த நொடியில் அறையில் எழும் கேள்விகள் எந்தக் காணொளிக்குப் பிறகும் எழுவதில்லை; போன மாதம் வெளியே அனுப்பிய அறிக்கையைப் பற்றித் தாங்களாகவே கேட்கத் தொடங்கிவிடுவார்கள். வெளியே அனுப்பும்போது மதிப்புகளை மட்டும் புதிய கோப்பில் ஒட்டி அனுப்புங்கள் என்று அப்போது சொன்னால் மனத்தில் நிற்கும்.

இது வகுப்பறைக்காக ஊதிப் பெரிதாக்கிய அச்சம் அல்ல. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை, தகவல் கோரி வந்த ஒரு விண்ணப்பத்துக்கு அளித்த பதிலுடன் ஒரு விரிதாளை இணைத்தது. அதில் மறைந்திருந்த ஒரு தாளில், காவல்துறையில் பணியாற்றிய 9,483 பேரின் குடும்பப்பெயர், முதலெழுத்து, பதவி, பணிப்பிரிவு ஆகியவை இருந்தன. கோப்பு இணையத்திலும் வெளியாகிவிட்டது. ஆயுதக் குழுக்களின் அச்சுறுத்தலால், காவலர்கள் தங்கள் வேலையைக் குடும்பத்தாரிடமிருந்துகூட மறைத்து வாழ நேரும் இடம் அது. அடுத்த ஆண்டு பிரிட்டன் தகவல் ஆணையர் 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தார். எந்த ஊடுருவலும் அங்கே நடக்கவில்லை.

தனியுரிமையைத் தகவல் பாதுகாப்புக்குள் அடக்கிவிடும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கணினியின் பூட்டுகள் அத்தனையும் சரியாக இருக்கும்போதே தனியுரிமை மீறப்படலாம்: ஒரு சக ஊழியர் எதற்காக மருத்துவ விடுப்பு எடுத்தார் என்பதைத் தேநீர் இடைவேளையில் பேசுவது, வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, தெரிந்தவர் ஒருவரின் கணக்கைப் பணி நிமித்தமின்றித் திறந்து பார்ப்பது, புகார்க் கடிதத்தைப் பெயர், தொலைபேசி எண்ணுடன் அப்படியே ஒரு ஏஐ சாட்பாட்டில் ஒட்டிச் சுருக்கித் தரச் சொல்வது. இவற்றில் ஈடுபடுவோர் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லாதவர்கள். 'இந்த விவரம் என்னுடையதாக இருந்தால், இந்த இடத்தில் இதைப் பார்க்க யாருக்கு உரிமை உண்டு?' என்று கேட்டுப் பார்க்கப் பழக்கினாலே பாதிப் பிரச்சினை குறையும். நிர்வாகம் பணியாளர்களின் மின்னஞ்சலையோ கணினியையோ கண்காணித்தால், எதை, எதற்காக, எவ்வளவு காலம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். தன் தனியுரிமை மதிக்கப்படாத இடத்தில் பிறருடையதை மதிக்கும்படி யாரையும் கேட்க முடியாது.

கடைப்பிடிக்க முடியாத விதிகளைப் போட்டுவிட்டு மீறுகிறார்கள் என்று வருந்துவதிலும் பயன் இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை கடவுச்சொல்லை மாற்றக் கட்டாயப்படுத்த வேண்டாம், கசிந்ததற்கான அறிகுறி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள் என்று அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் நிறுவனமே 2017-இல் சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டி வைப்பார்கள். கடவுச்சொற்களைப் பாதுகாப்பாகச் சேமித்து வைக்கும் கடவுச்சொல் மேலாளர் மென்பொருளையும், கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் நிறுவனமே ஏற்படுத்திக் கொடுக்கட்டும். பெரிய கோப்புகளை அனுப்பப் பாதுகாப்பான வழி இல்லாதபோதுதான் தனிப்பட்ட மின்னஞ்சல் உள்ளே நுழைகிறது. உங்கள் அலுவலகத்திலும் அதுவே காரணமா என்று பாருங்கள்.

தொலைபேசி மோசடிக்குத் தனியாக ஒரு அமர்வு ஒதுக்குவது நல்லது. 2020 ஜூலையில் ட்விட்டரின் 130 கணக்குகள் குறிவைக்கப்பட்டதற்குத் தொடக்கம், தகவல் தொழில்நுட்ப உதவிப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லிப் பணியாளர்களுக்கு வந்த அழைப்புகள்தாம். கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்டால், வங்கிக் கணக்கு எண்ணை மாற்றச் சொன்னால், அழைப்பைத் துண்டித்துவிட்டு, நிறுவனப் பட்டியலில் உள்ள எண்ணுக்குத் தானே திரும்ப அழைக்க வேண்டும். தலைமை நிர்வாகியே பேசினாலும் இதே நடைமுறைதான் என்பதைத் தலைமை நிர்வாகியே எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். அவரை அப்படி ஒரு பணியாளர் சரிபார்க்கும் நாளில் அவர் எரிச்சல்பட்டால், நீங்கள் நடத்திய அத்தனை அமர்வுகளும் வீண்.

எவ்வளவு அடிக்கடி என்று கேட்டிருந்தீர்கள். ஆண்டுக்கு ஒரு நீண்ட அமர்வைவிட, மாதம் ஒரு முறை பத்து நிமிடம், துறையின் வழக்கமான கூட்டத்திலேயே, அந்தத் துறையின் வேலையிலிருந்து எடுத்த ஒரு சம்பவத்தை வைத்துப் பேசுவது பலன் தருகிறது. தேர்ச்சி விழுக்காட்டை விட்டுவிட்டு, சோதனை மின்னஞ்சல் போனதிலிருந்து முதல் புகார் வர எத்தனை நிமிடம் ஆனது, தாமாக முன்வந்து தெரிவித்தவர்கள் எத்தனை பேர் என்பதைக் குறித்து வாருங்கள். தொடக்கத்தில் புகார்கள் கூடும், நிர்வாகம் கலவரப்படலாம். இதுவரை சொல்லப்படாமல் இருந்தவை இப்போது சொல்லப்படுகின்றன என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே விளக்கி வையுங்கள்.