கத்சுராவுக்கு அம்மா வரலாமா?

கேள்வி: நவம்பரில் கியோட்டோ செல்கிறோம். கத்சுரா அரச மாளிகையையும் தோட்டத்தையும் பார்க்க ஆசை. 68 வயதான என் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அவரை அழைத்துச் செல்லலாமா? அனுமதி பெறுவது எப்படி?

பதில்: அம்மாவைக் கத்சுராவுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் யோசனை. அங்கே தனியாக உலவ முடியாது. வழிகாட்டி முன்னே செல்ல, கடைசியில் ஓர் ஊழியர் நடந்துவர, குழுவாக ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். தூரம் பெரிதில்லை, தரைதான் சிக்கல். வழியில் பல இடங்களில் தனித்தனியாகப் பதித்த கற்களின் மேல் கால் வைத்துத்தான் போக வேண்டும். ஒரு கல்லின் உயரம் அடுத்ததற்கு இருக்காது. மழை பெய்தால் வழுக்கும். "நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று அம்மா சொல்லவும் வழியில்லை.

அந்தக் கற்களை வேண்டுமென்றேதான் அப்படிப் பதித்திருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இளவரசர் தோஷிஹிதோ தொடங்கி, மகன் தோஷிதாதா விரிவாக்கிய தோட்டம் இது. சிறு கற்களில் குனிந்து கவனமாக நடப்போம். கல் சற்று அகலமாகும் இடத்தில் நின்று நிமிர்ந்தால், அதுவரை மறைந்திருந்த குளம் கண்முன் விரியும். ஓரிடத்தில் குளத்துக்கு நேர் எதிரே ஒற்றைப் பைன் மரம் நின்று மறைக்கும். எட்டிப் பார்க்காதீர்கள், மறைப்பதற்காகவே வைத்த மரம் அது. வலியைப் பொறுத்துக்கொண்டு நடப்பவருக்கு இதையெல்லாம் ரசிக்க எங்கே மனம் வரும்?

அம்மாவுக்கு ஏற்றது, நகர நடுவில் கியோட்டோ அரண்மனைப் பூங்காவுக்குள் இருக்கும் செந்தோ. பதவி துறந்த பேரரசர் கோமிசுனோவுக்காக 1630இல் எழுந்த மாளிகை. 1854இல் எரிந்த கட்டடங்களைத் திரும்பக் கட்டவில்லை, தோட்டம் நிற்கிறது. அங்கும் வழிகாட்டியோடுதான் சுற்ற வேண்டும், ஆனால் பாதை பெரும்பாலும் சமதளம். கட்டணம் இல்லை. ஒரே அளவில் பொறுக்கிய உருண்டைக் கற்களைப் பரப்பிய அதன் குளக்கரையை அம்மா நிச்சயம் ரசிப்பார்.

நீங்கள் மட்டும் ஒரு காலைப்பொழுதில் கத்சுரா போய் வாருங்கள். ஜப்பான் அரச குடும்ப முகமையின் இணையதளத்தில் மூன்று மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். நவம்பர் இலையுதிர் காலம், போட்டி கடுமை. விண்ணப்பம் திறந்தவுடன் முந்திக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். ஹன்கியூ ரயிலின் கத்சுரா நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. மாளிகைக்குள் விடமாட்டார்கள், வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். அந்த ஏமாற்றத்தை தோட்டத்தில் உள்ள ஷோகின்தெய் தேநீர் இல்லச் சுவரின் நீலமும் வெள்ளையுமான கட்டங்கள் தீர்த்துவிடும். நானூறு ஆண்டுப் பழமை என்று நம்பவே முடியாது.

குதிகால் உயர்ந்த காலணி கூடாது. வழியில் கறுப்புக் கயிறு கட்டிய சிறு கல்லைக் கண்டால் தாண்டாதீர்கள்: அந்தப் பக்கம் அனுமதி இல்லை என்று பொருள்.