ஏற்காடு மலைப்பாதையில் புதைத்த ஃபைபர் கேபிளைப் பாறை அழுத்தினால், இடம் தெரியுமா?

தெரியும், தோண்டாமலே. சேலம் முனையில் ஓடிடிஆர் என்ற, திரும்பி வரும் ஒளியை வைத்துப் பழுதைத் தேடும் கருவியை மாட்டி, கேபிளுக்குள் உள்ள கண்ணாடி இழையில் லேசர் துடிப்பை அனுப்புவார்கள். இழை நெடுகிலும் ஒளி துளித்துளியாகச் சிதறித் திரும்பும். இழைக்குள் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். 100 மைக்ரோநொடியில் திரும்பினால், போய்வந்தது 20 கிலோமீட்டர், அதில் பாதியான 10 கிலோமீட்டர்தான் தூரம். வழியில் சுருட்டி வைத்த உபரி கேபிளையும் கழித்தால்தான் எந்தக் கொண்டை ஊசி வளைவு என்று சரியாகச் சொல்லலாம்.

திரும்பும் ஒளியின் அளவைக் கருவியின் திரையில் ஒரு கோடு காட்டும். அழுத்தத்தில் இழை வளைந்த இடத்தில் அந்தக் கோடு சட்டென்று இறங்கும். 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் லேசாகவும் 1550-இல் அதிகமாகவும் இறங்கினால் அது வளைவுதான். மோசமான ஜாயின்ட் என்றால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இறக்கம். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் கடப்பாரையைத் தூக்கவே கூடாது.

சரி, எவ்வளவு அழுத்தம்? அதை ஓடிடிஆர் சொல்லாது. பிரில்லுவான் சிதறலை, அதாவது இழையின் நுண்ணதிர்வுகளில் பட்டு அதிர்வெண் சற்றே மாறித் திரும்பும் ஒளியை, அளக்கும் கருவி, இழை எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று காட்டும், அதிலிருந்து தோராயமாகக் கணக்கிடலாம். வெப்பநிலை மாறினாலும் அந்த அளவீடு நகரும் என்பதால், தளர்வாக விட்ட இன்னோர் இழையையும் அளந்து கழிக்க வேண்டும்.