உலக வரலாறு படிக்கும் மாணவர்கள் கேட்டவை

கேள்வி: இளங்கலை முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். சுமேரியாவில் ஆரம்பித்துப் பனிப்போர் வரை பாடத்திட்டம் ஓடுகிறது. இத்தனை ஆண்டுகளை எப்படி மனப்பாடம் செய்வது?

பதில்: செய்யவே வேண்டாம். 1258 (மங்கோலியரிடம் பாக்தாத் விழுந்தது), 1453 (துருக்கியரிடம் கான்ஸ்டான்டிநோபிள் விழுந்தது), 1492 (கொலம்பஸ் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது), 1789 (பிரெஞ்சுப் புரட்சி), 1868 (ஜப்பானில் மெய்ஜி மீட்சி), 1914 (முதல் உலகப் போர்) என்று இருபது முப்பது ஆண்டுகளை மட்டும் மனதில் ஊன்றிக்கொள்ளுங்கள். மற்றவை இவற்றுக்கு முன்னா பின்னா என்று தெரிந்தாலே போதும். வரிசை புரிந்தால் காரணம் தானாகப் பிடிபடும். பிரெஞ்சுப் புரட்சி 1789. பிரான்சின் சர்க்கரைக் காலனியான ஹைட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தது 1791. வட அமெரிக்காவில் பிரான்சிடம் இருந்த லூசியானா நிலப்பரப்பை நெப்போலியன் அமெரிக்காவுக்கு விற்றது 1803. ஹைட்டி விடுதலை 1804. இதை வரிசையாகப் பார்த்தால், சர்க்கரைத் தீவு கையைவிட்டுப் போகும்போது பிரான்சுக்கு லூசியானா எதற்கு என்ற கேள்வி உங்களுக்கே வரும். தனித்தனியாக உருப்போட்டால் வராது.

கேள்வி: எல்லா நாடுகளின் வரலாற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் அதுதானே உலக வரலாறு?

பதில்: பல பாடநூல்கள் அப்படித்தான் இருக்கின்றன, அதனால்தான் அலுப்பூட்டுகின்றன. நாட்டை விட்டுவிட்டு ஒரு பொருளைப் பின்தொடர்ந்து பாருங்கள். வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். 1545இல், இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி மலையில் வெள்ளி கிடைத்தது. ஸ்பானியர்கள் அங்கிருந்த பூர்வகுடிகளை முறைவைத்துக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள். பாதரசம் கலந்து வெள்ளியைப் பிரிக்கும் முறை வந்ததும் உற்பத்தி எகிறியது.

சரி, அந்த வெள்ளி எங்கே போனது? ஒரு பங்கு அட்லாண்டிக் தாண்டி ஸ்பெயினுக்கு. இன்னொரு பங்கு மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து பசிபிக் கடந்து மணிலாவுக்கு. 1571இல் ஸ்பானியர் மணிலாவைத் தலைமையிடமாக்கியபின் சீன வணிகர்கள் பட்டும் பீங்கானும் கொண்டுவந்து கொடுத்து வெள்ளியை வாங்கிப் போனார்கள். மிங் வம்சம் ஆண்ட சீனாவில் காகிதப் பணம் எப்போதோ மதிப்பிழந்திருந்தது, வரியையும் வெள்ளியாகக் கட்டச் சொன்னார்கள். ஐரோப்பாவைவிட அங்கே வெள்ளிக்கு மதிப்பும் அதிகம். ஸ்பெயினுக்குப் போன வெள்ளியிலும் கணிசமான பகுதி ஐரோப்பிய வணிகர்கள் வழியாகக் கடைசியில் ஆசியாவுக்கே வந்து சேர்ந்தது. ஜப்பானிய வெள்ளியும் சீனாவுக்குத்தான் ஓடியது.

இதை எந்த நாட்டு வரலாற்றில் வைப்பீர்கள்? ஸ்பெயின் வரலாற்றில் மட்டும் வைத்தால், சீனாவின் வரிமுறைக்கும் ஆண்டிஸ் சுரங்கத்தில் செத்தவனுக்கும் உள்ள தொடர்பு கண்ணில் படாது.

கேள்வி: பயணிகள் எழுதியதை எவ்வளவு நம்பலாம்? இபின் பதூதாவைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பதில்: நம்புவதா வேண்டாமா என்று கேட்பதைவிட, யார், யாருக்காக, எப்போது எழுதியது என்று கேளுங்கள். இபின் பதூதா மொரோக்கோவின் டாஞ்சியர் நகரை விட்டு உலகம் சுற்றக் கிளம்பியது 1325இல். நூல் முடிந்தது 1355இல், அதுவும் மொரோக்கோ சுல்தானின் ஆணைப்படி, அவர் சொல்லச் சொல்ல இபின் ஜுஸை என்ற எழுத்தர் தொகுத்தது. நடுவில் சில வர்ணனைகள் இபின் ஜுபைர் என்ற முந்தைய பயணியிடமிருந்து எடுத்தவை.

அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி மன்னர் அனுப்பிய வரவேற்புப் பரிசு வந்தபோது, மூன்று ரொட்டி, ஒரு துண்டு இறைச்சி, கொஞ்சம் தயிர் மட்டும் இருப்பதைப் பார்த்துச் சிரித்ததாகச் சொல்கிறார். மாலியைப் பற்றிய தகவலாக இது சின்னது. ஆனால் டெல்லியில் சுல்தான் முகமது பின் துக்ளக் அள்ளிக் கொடுத்ததைப் பார்த்துப் பழகிய மனிதர் எதை எதிர்பார்த்து ஊர் ஊராகப் போனார் என்று நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது. எனக்கு அந்த நூலில் பிடித்ததே இந்த மாதிரி முணுமுணுப்புகள்தான்.

கேள்வி: எழுத்து இல்லாத சமூகங்களை எப்படிப் படிப்பது?

பதில்: எழுத்து இல்லை என்றால் பதிவு இல்லை என்று ஆகிவிடாது. தென் அமெரிக்காவின் இன்காக்கள் கயிற்று முடிச்சுகளில் பத்தடிமான முறையில் கணக்கு வைத்தார்கள். மாலிப் பேரரசை நிறுவிய சுண்டியாட்டாவின் கதையைப் பரம்பரைப் பாணர்கள் வாய்வழியே காத்தார்கள். தென் ஆப்பிரிக்கப் பகுதியில் உள்ள மகா ஜிம்பாப்வே என்ற பழைய நகரின் இடிபாடுகளில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருந்த அந்த நகரம் இந்தியப் பெருங்கடல் வணிகத்தோடு இணைந்திருந்ததை அந்தத் துண்டுகளே சொல்லிவிடுகின்றன. தொல்லியல், மொழியியல் தாள்கள் விருப்பப் பாடமாக இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எந்த நாகரிகம் உயர்ந்தது என்று கட்டுரை கேட்டிருக்கிறார்கள்.

பதில்: எதை வைத்து அளப்பது, அந்த அளவுகோலை யார் வகுத்தார்கள் என்பதையே கட்டுரையாக எழுதுங்கள். நல்ல ஆசிரியர் எதிர்பார்ப்பதும் அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: வாரம் நூறு, நூற்றைம்பது பக்கம் படிக்கச் சொல்கிறார்கள். முடியவில்லை.

பதில்: வரி விடாமல் படித்தால் யாராலும் முடியாது. முன்னுரையையும் முடிவுரையையும் முதலில் படியுங்கள். அப்புறம் ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கம். ஆசிரியர் என்ன வாதிடுகிறார், யாரை மறுக்கிறார் என்று உங்கள் சொற்களில் இரண்டு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் மட்டும் திரும்பப் போய் ஆழமாகப் படியுங்கள்.

கேள்வி: வேறு மொழி கற்க வேண்டுமா?

பதில்: பட்டத்துக்குத் தேவையில்லை. ஆராய்ச்சி ஆசை இருந்தால் இப்போதே தொடங்குங்கள். பாரசீகமோ போர்த்துக்கீசியமோ, உங்களுக்குப் பிடித்த காலமும் இடமும் அதைத் தீர்மானிக்கட்டும்.

கேள்வி: இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு 'அட்லாண்டிக் அடிமை வணிகம்' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். சரியா?

பதில்: அது நானூறு ஆண்டு, நான்கு கண்டம். ஓர் ஆய்வேட்டில் அடங்காது. முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைக் கப்பல் பயணங்களின் தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. அதில் ஒரு துறைமுகம், ஒரு பத்தாண்டு எடுங்கள். உதாரணமாக, 1807இல் பிரிட்டன் இந்த வணிகத்தைத் தடைசெய்வதற்கு முந்தைய ஆண்டுகளில் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகக் கப்பல்களின் போக்குவரத்து எப்படி மாறியது என்று பார்க்கலாம். கிடைத்த தரவை ஒரு பக்கத்தில் தொகுத்துக்கொண்டு வழிகாட்டி ஆசிரியரைப் பாருங்கள். வெறும் தலைப்போடு போனால் சுருக்கிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்.