‘பார்க்கச் சரியாத்தானே இருக்கு?’: போன், கம்ப்யூட்டர் கேள்வி பதில்

ரங்கூனில் போனும் கம்ப்யூட்டரும் பழுது பார்ப்பது என் பிழைப்பு. தமிழ், பர்மிய எழுத்துரு விவகாரம் என் பைத்தியம். இந்த இரண்டையும் கேளுங்கள், இவற்றை ஓட்டும் பேட்டரியையும் கேளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: ‘ரீசெட்’ அடித்துவிட்டு வந்து கேட்காதீர்கள். அடிக்கும் முன் கேளுங்கள்.

தாம்வே, மாணவி: அண்ணே, ஈமெயிலுக்கு ஆறு இலக்க கோடு தர்ற ஆத்தென்டிகேட்டர் ஆப் வச்சிருக்கேன். கொஞ்ச நாளா எந்தக் கோடு போட்டாலும் தப்புன்னு சொல்லுது. ஆப்பை அழிச்சுட்டு மறுபடி போடலாமா?

பதில்: அழிக்காதே தங்கச்சி. அந்த ஆப்புக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. நகல் எடுக்காமல் அழித்தால் அதுவும் போய்விடும், பிறகு ஈமெயில் கதவு உனக்கே திறக்காது. முதலில் சொல், போன் கடிகாரத்தை யாராவது கையால் திருத்தினீர்களா?

தாம்வே, மாணவி: ஆமாண்ணே. பாங்காக் நேரம்னு இருந்துச்சு, அரை மணி கூடுதலா காட்டுச்சு. தம்பி அரை மணி குறைச்சு வச்சான். இப்ப பார்க்கச் சரியாத்தானே இருக்கு?

பதில்: பார்க்கச் சரி. உள்ளே அரை மணி தப்பு. போன் தனக்குள் உலகப் பொது நேரத்தைத்தான் வைத்திருக்கும். நீ எந்த ஊர் என்று சொல்கிறாயோ அதற்கேற்பக் கூட்டிக் காட்டும். பாங்காக்குக்கு ஏழு மணி நேரம், நமக்கு ஆறரை. ஊரை மாற்றாமல் முள்ளைத் திருப்பியதால், திரையில் ரங்கூன் நேரம் தெரிகிறது, ஆனால் உள்ளே இருக்கும் பொது நேரம் அரை மணி பின்தங்கிவிட்டது. அந்த ஆறு இலக்கம் பொது நேரத்திலிருந்துதான் பிறக்கிறது, 30 வினாடிக்கு ஒரு தடவை மாறுகிறது. உன் போன் தருவது அரை மணிக்கு முந்தைய எண். எந்த சர்வர் ஏற்கும்?

செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போ. ‘தானியங்கி நேரம்’ என்பதை இயக்கு, ஊரை மட்டும் யாங்கோன் என்று தேர்ந்தெடு. பழைய போன்களில் ரங்கூன் என்றே இருக்கும், இரண்டும் ஒன்றுதான். மலிவு ஸ்மார்ட் வாட்சில் ஆறரைக்கு இடமே இல்லாமல் முழு மணிக் கணக்கு மட்டும் இருந்தால் அந்த வாட்சை வாங்காதே. சென்னை சொந்தக்காரர்களுக்கும் நமக்கும் சரியாக ஒரு மணி நேரம் வித்தியாசம், அவர்களோடு பேசும்போது சோதித்துக்கொள்.

பெகு: போன் ஸ்லோவா இருந்துச்சுன்னு ரீசெட் பண்ணினேன். இப்ப பழைய ஜிமெயில் கேக்குது. என்கிட்ட ஜிமெயிலே கிடையாதுங்க.

பதில்: உண்டு. போன் வாங்கிய கடையில் அவர்களே திறந்து போட்டுக் கொடுத்திருப்பார்கள். இந்த ஊரில் பாதிப் பேர் போனில் இருப்பது கடைக்காரர் திறந்த கணக்குதான், பாஸ்வேர்டு அவர் நோட்டில் இருக்கும், அல்லது எங்கேயும் இருக்காது. ஆண்ட்ராய்டு 5.1, அதாவது 2015 முதல் இந்தப் பூட்டு உண்டு: திருடியவன் ரீசெட் அடித்துப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக வைத்தது. நீங்கள் திருடன் இல்லை என்பது போனுக்குத் தெரியாது. ரசீதோடு கடைக்குப் போங்கள். கணக்கு திறந்தபோது கொடுத்த சிம் நம்பர் உயிரோடு இருந்தால் அதற்குக் கோடு வரவழைத்து மீட்கலாம். பூட்டை உடைத்துத் தரும் வேலையை நான் செய்வதில்லை, யாருடைய போன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மற்றவர்கள் இன்றைக்கே செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ்’ திறந்து பாருங்கள். தெரியாத பெயரில் ஜிமெயில் இருந்தால், சொந்தமாக ஒன்று திறந்து சேருங்கள், போன் நம்பர்களை அதற்கு நகலெடுங்கள், அதன் பிறகே கடைக்காரர் கணக்கை எடுங்கள். முன்பே எடுத்தால் நம்பர்களும் அதோடு போகும். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.

கமாயுட்: கிரைண்டர் ஓடும்போது கருகல் வாடை வருது.

பதில்: உடனே நிறுத்துங்கள். மோட்டார் கட்டுபவரிடம் காட்டுங்கள், என்னிடம் இல்லை.

திங்கன்ஜூன்: கரன்ட் நாலு மணி நேரம் வருது, நாலு மணி நேரம் போகுது. இன்வெர்ட்டர் போட்ட புதுசுல ஃபேன், லைட், வைஃபை எல்லாம் தாங்குச்சு. இப்ப ஒரு மணி நேரத்துல கூவுது. இன்வெர்ட்டர் போச்சா?

பதில்: இன்வெர்ட்டர் நன்றாகத்தான் இருக்கும், போனது பேட்டரி. உங்களுடையது தண்ணீர் ஊற்றும் ஈயப் பேட்டரி என்று நினைக்கிறேன். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி என்றால் கணக்குக்கு 1200 வாட் மணி. அதில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆக 600தான் உங்களுடையது. ஃபேன், இரண்டு லைட், ரவுட்டர் சேர்ந்து 90 வாட் என்றால் அது ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். கணக்கு இடிப்பது திரும்ப ஏற்றும்போது. ஈயப் பேட்டரி முக்கால்வாசி வரை வேகமாக ஏறும், கடைசிப் பகுதி நிரம்பப் பல மணி நேரம் எடுக்கும். உங்களுக்குக் கிடைப்பதோ நாலே மணி நேரம். தினமும் அரைவயிற்றோடு கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும், கொள்ளளவு சுருங்கும். விளக்கு மட்டும் ‘ஃபுல்’ என்று பச்சையாக எரியும். அதை நம்ப வேண்டாம்.

அடுத்த முறை பணம் சேர்ந்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வாங்குங்கள், நாலு மணி நேரத்தில் நிரம்பும், ஆழமாக இறக்கினாலும் தாங்கும். சார்ஜரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும், பழைய ஈயச் சார்ஜரில் மாட்டாதீர்கள். ரவுட்டரை இன்வெர்ட்டரிலிருந்து பிரித்து 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸில் போடுங்கள். சில ரவுட்டர் 9 வோல்ட், அடாப்டரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

மோல்மீன், அம்மா ஒருவர்: தம்பி, மகள் பர்மியத்துல எஸ்எம்எஸ் அனுப்புறா. என் போன்ல எழுத்து இடம் மாறி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வருது. மெசஞ்சர்ல அனுப்பினா மட்டும் ஒழுங்கா வருது. எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சான்னு பயந்துட்டேன்.

பதில்: கண் நன்றாக இருக்கிறது அம்மா. உங்கள் போன் ஸோஜி, மகளுடையது யூனிகோடு. இரண்டும் எழுத்துக்கு எண் கொடுத்துச் சேமிக்கும் முறைகள்: யூனிகோடு உலகத்துக்கே பொது, ஸோஜி பர்மியத்துக்கு மட்டும். சில ஆப்கள் தாமே கண்டுபிடித்து மாற்றிக் காட்டும், எஸ்எம்எஸ் மாற்றாது.

பர்மிய எழுத்துக்கு 1999-லேயே யூனிகோடில் இடம் கிடைத்தது, 2008-ல் 5.1 பதிப்பில் ஒழுங்காகச் சீரமைத்தார்கள். அதற்குள் ஸோஜி எழுத்துரு வீடு வீடாகப் பரவிவிட்டது. அது யூனிகோடு எண்களையே எடுத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் பங்கு போட்டது. நம் ஒற்றைக்கொம்பு போலவே பர்மியத்திலும் எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பு உண்டல்லவா? ஸோஜியில் அதை எழுத்துக்கு முன்னால் சேமிக்கிறார்கள், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் சேமித்து முன்னால் காட்டுகிறார்கள். கொம்பு இடம் மாறித் தெரிவதற்கு அதுதான் காரணம். நாடு முழுக்க யூனிகோடுக்கு மாறும் நாளாக 2019 அக்டோபர் 1 குறிக்கப்பட்டது. உங்கள் போன் அந்த நாளைக் கேள்விப்படவில்லை.

செட்டிங்ஸில் மொழி அல்லது எழுத்துரு பகுதியில் மியன்மார் இரண்டு விதமாக இருக்கிறதா என்று பாருங்கள். யூனிகோடு என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குமுன் போன் நம்பர்களை நகலெடுங்கள். ஸோஜியில் சேமித்த பெயர்கள் அதன்பின் குழம்பித் தெரியும், ஒன்றொன்றாகத் திருத்த வேண்டும். ரீசெட் மட்டும் வேண்டாம்.

போட்டத்தாவ், அச்சகம்: தம்பி, ஸோஜியில எல்லாம் ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்துச்சு. யாரோ தேதி குறிச்சு எங்க பழைய ஃபைல் பூராவும் குப்பையாக்கிட்டாங்க. தமிழுக்கும் நான் பழைய பாமினி எழுத்துருதான். கோயில் பத்திரிகை அச்சுல முத்து முத்தா வருது. வேற என்ன வேணும்?

பதில்: ஐயா, அச்சுக்கு எதுவும் போதும். காகிதத்துக்கு எண் தெரியாது, வடிவம்தான் தெரியும். ஆனால் அந்தப் பத்திரிகையை மெசேஜில் ஒட்டி அனுப்பிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் போகும். பாமினியில் ‘அம்மா’வின் நடுவில் இருக்கும் மெய்ப்புள்ளி உண்மையில் ஓர் அரைப்புள்ளிதான், எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போட்டிருக்கிறது.

மாண்டலே: தம்பி, தடுத்த சைட்டைத் திறக்குற விபிஎன் எது நல்லது?

பதில்: அதற்கு இங்கே பதில் எழுத மாட்டேன். 2025 சைபர் பாதுகாப்புச் சட்டம் படித்த வக்கீலிடம் கேளுங்கள்.

தட்டோன், ஆசிரியர்: அச்சக ஐயாவுக்கு ஒரு கேள்வி. எங்க கோயில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பேரை பாமினியில அடிச்சு வச்சாங்க. அகர வரிசைப்படுத்தினா ‘கெஜலட்சுமி’ எங்கேயோ போயிடுறா. தேடினாலும் கிடைக்க மாட்டா. இதைத்தான் ஒழுங்கா ஓடுதுன்னு சொல்றீங்களா?

போட்டத்தாவ், அச்சகம்: உங்க யூனிகோடு மட்டும் யோக்கியமா? ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ வருது, ‘ர’வுக்கு அடுத்து ‘ற’ வருது. எந்தப் பள்ளிக்கூடத்துல அப்படி அகர வரிசை சொல்லிக்கொடுத்தாங்க?

பதில்: இது நல்ல அடி. உண்மைதான். யூனிகோடு எண்களை மட்டும் வைத்து அடுக்கினால் நம் வரிசை வராது, ‘ழ’கூட ‘ள’வுக்குப் பின்னால்தான் நிற்கிறது. அந்த அட்டவணை இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போட்ட பழைய வரிசையிலிருந்து வந்தது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் வேண்டும் என்று தமிழ்நாட்டில் கேட்டவர்கள் உண்டு, 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து டேஸ்-16 என்ற அத்தகைய முறையையும் ஏற்றது. ஆனால் தமிழ் வரிசை விதி தெரிந்த மென்பொருள் யூனிகோடைச் சரியாக அடுக்கிவிடும், ஏனென்றால் எந்த எண் எந்த எழுத்து என்பதில் குழப்பம் இல்லை. பாமினியில் அந்த விதியை எதன் மேல் வைப்பது?

ஸோஜியில் கதை இன்னும் மோசம். எழுத்தைச் சுற்றி வளைக்கும் ஒரே குறிக்கு அகலத்துக்கு ஒன்றாகப் பல எண்கள். அதற்கு இடம் எங்கே எடுத்தார்கள்? ஷான், மொன், கரேன் மொழி எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடத்தில். ஸோஜி போனில் ஷான் மொழிக் கடிதம் திறந்தால் கண்ட கண்ட பர்மியக் குறிகள்தான் தெரியும். அச்சக ஐயா, தட்டோனில் ஆசிரியரின் பக்கத்து வீட்டு மொன்காரரைக் கேட்டுப் பாருங்கள், ஸோஜி ஒழுங்காக ஓடியதா என்று.

போட்டத்தாவ், அச்சகம்: மொன்காரர் என்கிட்ட அச்சடிக்க வர்றதில்ல.

தட்டோன், ஆசிரியர்: ஏன் வரலைன்னு யோசிச்சீங்களா?

பதில்: போதும். இருவரும் என் கடைக்கு டீ குடிக்க வந்து சண்டை போடுங்கள்.

பெகு, வேறொருவர்: ரீசெட் பண்ணினேன், ஜிமெயில் கேக்குது.

பதில்: மேலே படியுங்கள்.

ஜியாவாடி: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினேன். போன் பேட்டரி 5,000. நாலு தடவை ஏறணும், மூணு தடவைதான் ஏறுது. ஏமாத்திட்டாங்களா?

பதில்: இல்லை. அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. மொத்தம் 74 வாட் மணி. அதை வெளியே 5 வோல்ட்டாக ஏற்றி, போனுக்குள் மறுபடி இறக்கும்போது, இரண்டு தடவையும் சூடாகக் கொஞ்சம் போகிறது. மூன்று தடவை ஏறினால் நேர்மையான சரக்கு. ஒரு தடவைகூட ஏறாவிட்டால்தான் ஏமாற்று.

தாலா: போன்ல இடமில்லன்னு சொல்லுது. ஒரு ஆப்பும் புதுசா போடல. ரீசெட் அடிச்சா சரியாகுமா?

பதில்: அடிக்கும் முன் கேட்டதற்கு உங்களுக்கு என் வணக்கம். வைபர் மெசேஜ் ஆப் செட்டிங்ஸில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். காலை வணக்கப் பூக்களும் பீலிக்கான் திருவிழா வீடியோவும்தான் உங்கள் இடத்தைத் தின்கின்றன. வேண்டாததை அழியுங்கள், போதும்.

மாண்டலே, இன்னொருவர்: ஃபாக்டரி ரீசெட்டுக்கு அப்புறம் கூகுள் அக்கவுன்ட்...

பதில்: மேலே.

போட்டத்தாவ், அச்சகம்: சரி தம்பி, கோபம் வேணாம். அச்சுப் பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர்ல யூனிகோடு வராது, எனக்கு வேற தெரியாது. இருபது வருஷ ஃபைல் இருக்கு. என்ன பண்ணணும்னு சொல்லு.

பதில்: இது கேள்வி. பேஜ்மேக்கர் 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோனது, அதில் யூனிகோடு வராது என்பது சரி. பேஜ்மேக்கரை விட வேண்டாம். மூலப் பிரதியை மட்டும் வேர்டிலோ லிப்ரே ஆஃபீஸிலோ யூனிகோடில் வையுங்கள், அதுதான் உங்கள் சொத்து. அச்சுக்குப் போகும்போது மட்டும் பாமினியாக மாற்றி ஒட்டுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் இரண்டு பக்கமும் மாற்றும். பழைய ஃபைல்களை நகலெடுத்து, நகலைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றியபின் ஓர் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். பாமினியில் ‘கௌரி’யை ஒற்றைக்கொம்பு, க, ள, ரி என்றுதான் அடிக்கிறோம். ‘வெள்ளி’யிலும் கொம்பு, வ, ள என்றே வருகிறது. இயந்திரத்துக்கு எது ஔகாரம், எது நிஜ ‘ள’ என்று தெரியாது. அதனால் வெள்ளிக்கிழமை ‘வௌ்ளிக்கிழமை’ ஆகும், அல்லது பௌர்ணமி ‘பெளர்ணமி’ ஆகும். முதல் வகையைப் பிடிப்பது சுலபம்: ஔகாரக் குறிக்குப் பின்னால் புள்ளி வந்தால் அது நிச்சயம் தப்பு, தேடி மாற்றிவிடலாம். இரண்டாவது கண்ணுக்குத் தெரியவே தெரியாது, அச்சிலும் சரியாகவே வரும், தேடும்போதுதான் அகப்படாது. கௌரி, மௌனம், பௌர்ணமி, சௌந்தரம் என்று வழக்கமாக வரும் சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, தப்பு வடிவத்தைத் தேடித் தேடி மாற்றுங்கள். சந்தா கொடுத்தவர்கள் பெயர்ப் பட்டியலில் ஆரம்பியுங்கள், அங்கேதான் சௌந்தரங்கள் அதிகம்.